எம்.எஸ்சி முடிச்சு 13 வருஷம் கேப், கம்யூனிட்டி காலேஜ்ல பயோடெக் சர்டிஃபிகேட் படிக்கலாமா?

கோவை_டு_ஃப்ரீமான்ட்

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோயம்புத்தூர்ல 2012ல எம்.எஸ்சி பயோடெக் முடிச்சேன், கல்யாணம் ஆகி 2014ல இங்க கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட் வந்தோம், ரெண்டு பசங்க, சின்னவ இப்பத்தான் கிண்டர்கார்டன் போக ஆரம்பிச்சிருக்கா. எச்4 இஏடி (எச்1 வேலை விசால இருக்கறவரோட மனைவிக்கு கிடைக்கற வொர்க் பர்மிட்) போன வருஷம் கைக்கு வந்துச்சு. இதுவரைக்கும் அறுபது எழுபது இடத்துக்கு அப்ளை பண்ணியிருப்பேன், ரெண்டே ரெண்டு இடத்துலேர்ந்து ஃபோன் வந்துச்சு, ரெண்டு பேரும் கேட்டது "கடைசியா எப்ப லேப்ல கை வச்சீங்க"ன்னுதான், நான் வருஷத்தை சொன்னதும் நாங்களே கூப்பிடறோம்னு வச்சுட்டாங்க.

பக்கத்துல நியூவார்க்ல ஓலோனிங்கற கம்யூனிட்டி காலேஜ் (ரெண்டு வருஷம் படிக்கற உள்ளூர் அரசு காலேஜ்) கேம்பஸ்ல பயோடெக் கோர்ஸ் இருக்கு. அதுல சேரலாமான்னு ஒரு மாசமா யோசிச்சுட்டு இருக்கேன். வீட்டுக்காரர் உனக்கு பிடிச்சா பண்ணுங்கறார். அத்தை ஃபோன்ல "எம்.எஸ்சி படிச்ச புள்ள பிளஸ் டூ முடிச்ச பசங்களோட போய் உக்காரணுமா கண்ணு"ன்னு கேட்டாங்க, தப்பா கேக்கல, அக்கறைலதான் கேட்டாங்க, ஆனா அது மனசுல அப்படியே நிக்குது. யாராவது இந்த வழில போயிருந்தா சொல்லுங்க. வேலை கிடைக்குமா? இல்ல இன்னொரு மாஸ்டர்ஸ் பண்றதுதான் சரியா?

பஃபர்_ப்ரெப்

அக்கா நான் போயிருக்கேன். மதுரைல எம்.எஸ்சி மைக்ரோபயாலஜி, இங்க வந்து ஏழு வருஷம் வீட்ல இருந்துட்டு 2021ல கம்யூனிட்டி காலேஜ்ல சேர்ந்தேன், இப்ப ஒரு கம்பெனில க்யூசி (தரம் சரிபார்க்கற) அனலிஸ்ட். கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கோங்க.

நம்ம ஊர் எம்.எஸ்சி லேப் எப்படின்னு உங்களுக்கே தெரியும். டிஎன்ஏவை நகலெடுக்கற பிசிஆர் மெஷின் ஒண்ணே ஒண்ணு, அதை லேப் அசிஸ்டன்ட் அண்ணாதான் தொடுவார், எட்டு பேர் சுத்தி நின்னு பார்ப்போம், அப்புறம் ரெக்கார்ட் நோட்டுல ஸ்கேல் வச்சு கோடு போட்டு அழகா எழுதி கையெழுத்து வாங்கிடுவோம். தியரி கேட்டா தூக்கத்துல கூட சொல்லுவேன், ஆனா கை பழகவே இல்ல. இங்க முதல் வாரம் பண்ண சொன்னது என்ன தெரியுமா, வெறும் தண்ணி. பி1000 மைக்ரோபிப்பெட்ல 1000 மைக்ரோலிட்டர் எடுத்து தராசு மேல இருக்கற கப்புல விடணும், சரியா எடுத்திருந்தா 1 கிராம் காட்டணும். எனக்கு 0.94, 0.97, 0.91ன்னு தாறுமாறா வருது. பக்கத்துல ஒரு 19 வயசு பொண்ணுக்கு கரெக்டா வருது. எனக்கு அழுகையே வந்துடுச்சு. டீச்சர் வந்து பார்த்துட்டு ஒண்ணுமே சொல்லல, என் கட்டைவிரல் மேல அவங்க விரலை வச்சு மெதுவா மேல விட வச்சாங்க. நான் டக்குனு விட்டுடறேன், டிப்புக்குள்ள காத்து போயிடுது, அவ்வளவுதான் விஷயம். மூணாவது வாரம் பத்து தடவை எடுத்தா பத்து தடவையும் 0.995க்கும் 1.005க்கும் நடுவுல நின்னுச்சு. இத எந்த எம்.எஸ்சிலயும் எனக்கு யாரும் கத்துக்குடுக்கல.

அடுத்தது எழுதறது. 7ன்னு எழுத வேண்டிய இடத்துல 1ன்னு எழுதிட்டு அது மேலயே அழுத்தி 7 ஆக்கிட்டேன், சின்ன வயசுலேர்ந்து அப்படித்தானே பண்ணுவோம். அதுக்கு மார்க் போச்சு. ஒரே ஒரு கோடு போட்டு அடிக்கணும், அடிச்சது என்னன்னு படிக்க தெரியணும், பக்கத்துல சரியான நம்பர், இனிஷியல், தேதி, தேவைப்பட்டா காரணம். வொய்ட்னர் கிட்டயே வரக்கூடாது. மருந்து பண்ற இடத்துல எழுதாத வேலை பண்ணாத வேலைதான், ஒவ்வொரு பேட்ச் மருந்துக்கும் எழுதற பேட்ச் ரெக்கார்ட்ல ஒரு கட்டம் காலியா இருந்தா அந்த பேட்ச்சையே ரிலீஸ் பண்ணாம நிறுத்தி வச்சுடுவாங்க. எனக்கு வேலை கிடைச்ச இன்டர்வியூல மூணு பேர் உக்காந்திருந்தாங்க, மொதல் கேள்வியே "நோட்புக்ல தப்பா எழுதிட்டா என்ன பண்ணுவீங்க"தான். நான் பதில் சொல்ல ஆரம்பிச்சப்பவே ஒருத்தர் தலையாட்டினார், அப்பவே எனக்கு தெரிஞ்சுடுச்சு.

காசு விஷயம். கலிஃபோர்னியா ரெசிடென்ட்டா இருந்தா ஒரு யூனிட் (கிளாஸோட அளவு கணக்கு, கிரெடிட்) 46 டாலர், நாலு யூனிட் கிளாஸ்னா 184, அது மேல ஹெல்த் ஃபீஸ் பார்க்கிங்னு சில்லறையா கொஞ்சம். எச்4ல இருக்கறவங்களுக்கும் ரெசிடென்சி உண்டு, ஒரு வருஷத்துக்கு மேல இங்கயே வாழ்றோம்னு டாக்ஸ் ரிட்டர்ன், லைசன்ஸ், வீட்டு லீஸ் காட்டணும். அப்ளிகேஷன்ல விசா பகுதிய கவனமா நிரப்புங்க, எனக்கு நான்ரெசிடென்ட்ன்னு விழுந்து பில் ஆயிரக்கணக்குல வந்து நெஞ்சே நின்னுடுச்சு, நேர்ல போய் பேப்பர் காட்டினதும் மாத்தி குடுத்தாங்க. எம்.எஸ்சி மார்க் ஷீட்டை எவால்யுவேஷனுக்கு (இங்க எந்த டிகிரிக்கு ஈடுன்னு மதிப்பிட) அனுப்பி வச்சுக்கோங்க, முன்னாடியே முடிச்சிருக்க வேண்டிய ப்ரீரிக்விசிட் கிளாஸ் எல்லாம் திரும்ப எடுக்க வேண்டியது இருக்காது, வேலைக்கும் அதே பேப்பர் உதவும்.

இன்னொரு மாஸ்டர்ஸ் வேண்டாம்ங்கறதுதான் என் கருத்து. உங்ககிட்ட டிகிரி இருக்கு, இல்லாதது சமீபத்துல லேப்ல நின்ன கை. அதுக்கு ரெண்டு செமஸ்டர் போதும்.

வாக்கவில்_நைட்ஷிஃப்ட்

மேல தங்கச்சி சொன்னது க்யூசி. நான் மேனுஃபாக்ச்சரிங் பக்கம் சொல்றேன். ஊர் தஞ்சாவூர் பக்கம், படிச்சது டிப்ளமோ மெக்கானிக்கல், க்ரீன் கார்ட்ல வந்து ஆறு வருஷம் ஒரு கோடவுன்ல வேலை பார்த்தேன். அப்புறம்தான் சோலானோ காலேஜ்ல பயோமேனுஃபாக்ச்சரிங் இருக்கறது தெரிஞ்சுது. நிறைய பேருக்கு தெரியாத ஒண்ணு, அங்க சர்டிஃபிகேட் மட்டும் இல்ல பேச்சலர் டிகிரியே குடுக்கறாங்க. 2014ல கலிஃபோர்னியால சட்டம் போட்டு கம்யூனிட்டி காலேஜ்லயே நாலு வருஷ டிகிரிக்கு மொதல்ல 15 காலேஜை அனுமதிச்சாங்க, அதுல சோலானோவும் தெற்க ஓஷன்சைட்ல மிராகோஸ்டாவும் எடுத்தது இந்த பாடம்தான். மேல் ரெண்டு வருஷ கிளாஸுக்கு யூனிட்டுக்கு 84 டாலர் கூட, ஆக 130. நாலு வருஷ ஃபீஸ் கூட்டிப் பாருங்க, யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியால (யூசி) ஒரு வருஷத்துக்கு வாங்கறதைவிட கம்மி.

வேலை என்னன்னா, ஹாம்ஸ்டரோட சினைப்பைலேர்ந்து வந்த சிஹெச்ஓ செல், அதை வளர்த்து அது சுரக்கற ஆன்டிபாடிய வடிகட்டி மருந்தாக்கறது. நம்ம வீட்ல உறை ஊத்தற மாதிரிதான் நினைச்சுக்கோங்க. உறைஞ்சு கிடக்கற சின்ன குப்பி, அதை உருக்கி ஃப்ளாஸ்க்ல வளர்த்து, அதை சின்ன டேங்க்ல ஊத்தி, அதை பெரிய டேங்க்ல ஊத்தி, கடைசில ஆயிரக்கணக்கான லிட்டர். தயிர்ல ஏதாவது விழுந்தா ஒரு பாத்திரம் போகும், இங்க ஒரு பாக்டீரியா உள்ள போச்சுன்னா பல வார உழைப்பு அத்தனையும் கொன்னு கொட்டணும். அதனாலதான் க்ளீன்ரூம்க்குள்ள போக கோட்டு மேல கோட்டு, கிளவுஸ் மேல கிளவுஸ், அத தரைல படாம போடறதுக்கே தனியா பரீட்சை வைப்பாங்க.

ஒண்ணு பெண்களுக்காக சொல்றேன், முன்னாடியே தெரிஞ்சுக்கறது நல்லது. எங்க ப்ளாண்ட்ல உள்ள போகும்போது தாலி செயின், மெட்டி, வளையல், பொட்டு, மை எதுவும் கூடாது. எங்க ஷிஃப்ட்ல ஒரு தெலுங்கு அம்மா முதல் வாரம் லாக்கர் முன்னாடி அஞ்சு நிமிஷம் தாலிய கைல வச்சுட்டு நின்னாங்க. இப்ப தினமும் ஒரு சின்ன துணிப்பைல போட்டு பூட்டிட்டு வராங்க.

12 மணி நேர ஷிஃப்ட், ராத்திரியும் வரும். குழந்தைங்க சின்னதா இருந்தா இதை யோசிச்சுக்கோங்கம்மா, க்யூசி பெரும்பாலும் பகல் வேலை, உங்களுக்கு அது ஒத்துவரும்.

சான்டியாகோ_சயின்டிஸ்ட்

எல்லாரும் நல்லதே சொல்றீங்க, நான் கொஞ்சம் கசப்பா சொல்றேன். 2023லேர்ந்து பயோடெக்ல ஆள் எடுக்கறது ரொம்ப மந்தம், எங்க குரூப்லயே பிஹெச்டி முடிச்சவங்க ஆறு மாசம் எட்டு மாசம்னு வேலை தேடறாங்க, அவங்க இப்ப ஆரம்ப நிலை அசோசியேட் வேலைக்கே அப்ளை பண்றாங்க. சர்டிஃபிகேட் வச்சுட்டு அந்த க்யூல நின்னா என்ன ஆகும்? சகோதரிய பயமுறுத்த சொல்லல. சேர்ந்த உடனே வேலைன்னு நம்பிட வேண்டாம்.

வாக்கவில்_நைட்ஷிஃப்ட்

@சான்டியாகோ_சயின்டிஸ்ட் சார் நீங்க சொல்றது ரிசர்ச் பக்கம் முழுக்க உண்மை. ஸ்டார்ட்டப்ல பணம் வத்தினா மொதல்ல ஆள் குறைப்பாங்க. ஆனா ஏற்கனவே அப்ரூவ் ஆன மருந்த யாராவது தினமும் பண்ணித்தானே ஆகணும். இங்க வாக்கவில்ல ஜெனன்டெக் வச்சிருந்த பெரிய ப்ளாண்ட, மொத்தம் 3,30,000 லிட்டர் டேங்க் இருக்கற இடம், 2024ல லோன்ஸா 1.2 பில்லியன் டாலருக்கு வாங்கிச்சு. கம்பெனி பேர் மாறினாலும் டேங்க் பக்கத்துல நிக்க ஆள் வேணும். இந்த வேலைக்கு பிஹெச்டி வந்தாலும் சூப்பர்வைசர் தயங்குவார், மூணு மாசத்துல போயிடுவாங்கன்னு. முதல் வேலை பெரும்பாலும் ஏஜென்சி வழியா கான்ட்ராக்ட்தான், எனக்கும் எட்டு மாசம் கழிச்சுதான் பர்மனன்ட். அதுக்கு மனசை தயார் பண்ணிக்கணும், அது சரி.

ரெண்டு_பொண்ணு_அப்பா

குறுக்க வந்து கேக்கறதுக்கு மன்னிக்கணும், புது இழை போடலாம்னு பார்த்தேன் ஆனா இங்கயே விஷயம் தெரிஞ்சவங்க இருக்கீங்க. என் பெரிய பொண்ணு இங்க கலிஃபோர்னியா டப்ளின்ல 12வது கிரேட், பயோடெக்தான் வேணும்ங்கறா. நேரா யூசி கிடைக்கலன்னா கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷம் படிச்சு ட்ரான்ஸ்ஃபர் ஆகலாம்னு சொல்றாங்க. அவ பயோடெக் சர்டிஃபிகேட் கோர்ஸ்ல சேர்ந்தா ட்ரான்ஸ்ஃபரும் ஆகிடுமா, ஆகலன்னாலும் வேலை இருக்குமே? நாங்க இன்னும் எச்1லதான் இருக்கோம், அவ எச்4.

ட்ரான்ஸ்ஃபர்_ஆனவன்

அங்கிள் இதுல நான் அடிபட்டவன், ஒரு வருஷம் போச்சு, அதனால தெளிவா சொல்றேன். வேலைக்கான பயோடெக் கோர்ஸ் வேற, ட்ரான்ஸ்ஃபருக்கான பாடம் வேற. ரெண்டும் ஒரே பில்டிங்ல ஒரே லேப்ல நடக்கும், ரெண்டுக்கும் பேர்ல பயோ இருக்கும், அங்கதான் ஏமாந்துடுவோம்.

யூசி பயாலஜி இல்ல பயோடெக் மேஜர் (முக்கிய பாடம்) கேக்கறது என்னன்னா ஒரு வருஷ ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, மேஜர் பசங்களுக்கான பயாலஜி வரிசை, கால்குலஸ், நிறைய இடத்துல ஃபிசிக்ஸும். பயோடெக் சர்டிஃபிகேட் கிளாஸ்ல செல் கல்ச்சர், மீடியா ப்ரெப், எலைசா எல்லாம் பிரமாதமா கத்துக்குடுப்பாங்க, யூனிட்டும் சிலது ட்ரான்ஸ்ஃபர் ஆகும், ஆனா பெரும்பாலும் எலெக்டிவ் கணக்குலதான் போகும், மேஜருக்கு கேட்ட கட்டத்தை நிரப்பாது.

நான் படிச்ச காலேஜ்ல, பேர் வேண்டாம், கவுன்சிலர் ஒருத்தர் "உனக்கு பயோடெக் பிடிச்சிருக்கு இல்ல, மொதல்ல அதை எடு, கெமிஸ்ட்ரி அப்புறம் பாத்துக்கலாம்"னார். நான் முதல் வருஷம் முழுக்க அப்படி எடுத்தேன். ரெண்டாவது வருஷம் உக்காந்து பார்த்தா கெமிஸ்ட்ரி ஒரு சங்கிலி. ஜெனரல் ஒண்ணு முடிச்சாதான் ரெண்டு, ரெண்டு முடிச்சாதான் ஆர்கானிக் ஒண்ணு, அதுக்கப்புறம் ஆர்கானிக் ரெண்டு. நாலு செமஸ்டர். எதையும் சேர்த்து எடுக்க முடியாது. ஆகஸ்ட்ல தொடங்கற முதல் ஃபால் செமஸ்டர்ல ஆரம்பிச்சா ரெண்டாவது வருஷ ஸ்ப்ரிங்ல முடியும், ஒரு செமஸ்டர் விட்டா மொத்தமா தள்ளிப் போகும். எனக்கு மூணு வருஷம் ஆச்சு. நான் அந்த கவுன்சிலரை திட்டல, அவர் நல்ல மனசோடதான் சொன்னார், ஆனா நான் அசிஸ்ட் டாட் ஆர்க் போய் பார்த்திருக்கணும். அதுல உங்க காலேஜ் பேரும் போக வேண்டிய யூசி பேரும் மேஜரும் போட்டா எந்த கிளாஸ் எதுக்கு ஈடுன்னு வரிசையா வரும். கவுன்சிலர்கிட்ட போகும்போது அதை ப்ரின்ட் எடுத்துட்டு போங்க.

டாக்னு ஒண்ணு இருக்கு, ட்ரான்ஸ்ஃபர் அட்மிஷன் கேரன்டி. டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ், இந்த ஆறுல ஒண்ணே ஒண்ணுக்கு செப்டம்பர்ல போடலாம். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான்டியாகோவுக்கு கிடையாது, அங்க சாதாரணமா அப்ளை பண்ணலாம். டேவிஸ்ல பயோடெக்னே தனி மேஜர் இருக்கு, நான் அதுலதான் போனேன். பொது பாடத்துக்கு இப்ப 2025 ஃபால்லேர்ந்து கால்ஜெட்சின்னு புது பேட்டர்ன், பழைய ஐஜெட்சி லிஸ்ட் யாராவது குடுத்தா வாங்காதீங்க.

அப்புறம் நீங்க சொன்ன வேலை விஷயம். அங்கிள் இது முக்கியம். எச்4ல இருக்கற பிள்ளைங்களுக்கு இஏடி கிடையாது, அது ஸ்பவுஸுக்கு மட்டும்தான். சர்டிஃபிகேட் வாங்கினாலும் அவ வேலைக்கு போக முடியாது, சம்பளம் குடுக்கற இன்டர்ன்ஷிப் கூட முடியாது. 21 வயசு ஆனா எச்4ம் போயிடும், எஃப்1 ஸ்டூடன்ட் விசாவுக்கு மாறணும், மாறினா ஃபீஸ் கணக்கே வேற. அதனால அவளுக்கு ட்ரான்ஸ்ஃபர் மட்டும்தான் வழி, அதையும் 21க்கு முன்னாடி எவ்வளவு தூரம் முடிக்க முடியுமோ அவ்வளவு. கெமிஸ்ட்ரி முதல் செமஸ்டர்லயே.

ஆனா முடிஞ்சா சம்மர்ல ஒரே ஒரு பயோடெக் லேப் கிளாஸ் எடுக்க சொல்லுங்க. டேவிஸ்ல ஒரு ப்ரொஃபசர் லேப்ல சேர போனப்ப அவர் கேட்டது மார்க் இல்ல, ஜெல் ஓட்ட தெரியுமா, செல் கல்ச்சர் ஹுட்ல உக்காந்திருக்கியான்னுதான். நான் வீணாப் போச்சுன்னு நினைச்ச அந்த முதல் வருஷம்தான் அங்க கை குடுத்துச்சு.

ரெண்டு_பொண்ணு_அப்பா

தம்பி ரொம்ப நன்றிப்பா. எச்4 இஏடி பிள்ளைங்களுக்கு இல்லங்கறது எனக்கு தெரியும், ஆனா இதோட சேர்த்து யோசிக்கவே இல்ல. ராத்திரி பொண்ணோட உக்காந்து அந்த சைட்டை பார்த்தோம். அவளே ஒரு நோட்டுல நாலு செமஸ்டருக்கு கட்டம் போட்டு கெமிஸ்ட்ரிய மொதல்ல எழுதிட்டா.

சேலத்து_மாமா

என் அக்கா மகன் சேலத்தில் பிளஸ் டூ முடிக்கிறான். இங்கிருந்தே எஃப்1ல் கம்யூனிட்டி காலேஜ் பயோடெக் படிக்க அனுப்பலாம், செலவு குறைவு என்று ஒரு கன்சல்டன்சியில் சொல்கிறார்கள். சரியா?

பஃபர்_ப்ரெப்

மாமா, 46 டாலர் ரெசிடென்ட்டுக்கு மட்டும். எஃப்1ல வர்றவங்களுக்கு அது பல மடங்கு. ரெண்டு வருஷ டிகிரிக்கு அப்புறம் ஒரு வருஷம் வேலை பார்க்கற ஓபிடி அனுமதி உண்டு, ஆனா ஸ்டெம்னு (சயின்ஸ், டெக்னாலஜி படிப்புக்கு) மேல நீட்டிக்கறதுக்கு பேச்சலர் வேணும், அசோசியேட் டிகிரி வச்சு முடியாது. ட்ரான்ஸ்ஃபர் ஆகி நாலு வருஷமும் முடிக்க குடும்பத்துல பணம் இருந்தா அனுப்புங்க. ரெண்டு வருஷத்துல வேலைன்னு அந்த கன்சல்டன்சி சொல்லியிருந்தா தயவு செஞ்சு அனுப்பாதீங்க, வீட்டை அடமானம் வச்சு வந்துட்டு இங்க தவிக்கற பசங்கள நேர்ல பார்த்திருக்கேன்.

மோரிஸ்வில்_வாசி

கலிஃபோர்னியா கதையாவே இருக்கு, நார்த் கரோலினாலயும் நாம நிறைய பேர் இருக்கோம்ல. இங்க கம்யூனிட்டி காலேஜ்ல பயோவொர்க்னு ஒரு குறுகிய கால கோர்ஸ், வேக் டெக், டர்ஹாம் டெக், ஜான்ஸ்டன் எல்லாத்துலயும் நடக்குது. சயின்ஸ் டிகிரி இல்லாதவங்களும் சேரலாம். கிளேடன்ல நோவோ நார்டிஸ்க், ஹாலி ஸ்ப்ரிங்ஸ்ல ஃபூஜிஃபில்ம்னு ப்ளாண்ட் எல்லாம் இந்த பக்கம்தான். என் மனைவி பி.காம், வொர்க் பர்மிட் வந்ததும் சாயங்கால பேட்ச்ல படிச்சு இப்ப பேக்கேஜிங் பக்கம் இருக்காங்க. பி.காம்ங்கறதால பேட்ச் ரெக்கார்ட் கணக்கு சரிபார்க்கறதுல அவங்கதான் எங்க வீட்ல மட்டும் இல்ல அவங்க லைன்லயும் பெஸ்ட்.

கோவை_டு_ஃப்ரீமான்ட்

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலைங்க. நேத்து நியூவார்க் கேம்பஸ் போய் பார்த்துட்டு வந்தேன். லேப் கதவு கண்ணாடி வழியா பார்த்தப்ப பசங்க பிளேட்டை யூவி லைட்டுக்கு கீழ வச்சுட்டு இருந்தாங்க, இ.கோலை பாக்டீரியா காலனி எல்லாம் பச்சையா மின்னுது. ஜெல்லிமீனோட பச்சையா ஒளிரற ஜிஎஃப்பி புரோட்டீன் ஜீனை உள்ள விட்டு அரபினோஸ்ங்கற சர்க்கரை சேர்த்த பிளேட்ல மட்டும் ஒளிரும் இல்லைங்களா, அந்த எக்ஸ்பெரிமென்ட். 2008 நோபல் அந்த ஜெல்லிமீன் புரோட்டீனுக்குத்தான், நான் பி.எஸ்சி படிக்கும்போது, செமினார் எடுத்திருக்கேன், போர்டுல படம் வரைஞ்சு காட்டியிருக்கேன். கண்ணால பார்த்தது நேத்துதான். கதவுகிட்டயே ரொம்ப நேரம் நின்னுட்டேன், ஒரு ஸ்டூடன்ட் வந்து உள்ள வாங்க பாருங்கன்னு கூப்பிட்டான். என் வயசை பத்தி யாரும் ஒண்ணும் நினைக்கல, உள்ள ஐம்பது வயசு மாதிரி ஒருத்தர் பிப்பெட் பிடிச்சுட்டு இருந்தார்.

க்யூசி பக்கம் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். ஃபாலுக்கு ரெண்டு கிளாஸ், சின்னவள ஸ்கூல்ல விட்டுட்டு போய் வர்ற நேரத்துல. எவால்யுவேஷனுக்கு மார்க் ஷீட் அனுப்பணும், யூனிவர்சிட்டிலேர்ந்து சீல் வச்ச கவர் வரணும்ங்கறாங்க, என் தம்பி அதுக்கு நாளைக்கு பாரதியார் யூனிவர்சிட்டி போறான். அத்தைக்கு அந்த பச்சை பிளேட் ஃபோட்டோவை அனுப்பினேன், "இதென்ன கண்ணு மின்மினிப் பூச்சி மாதிரி இருக்கு, நீ பண்ணதா"ன்னு கேட்டாங்க. இல்லைங்கத்தை அடுத்த செமஸ்டர்ல பண்ணுவேன்னு சொன்னேன்.

பஃபர்_ப்ரெப் தங்கச்சி, ஒரே ஒரு கேள்வி, லேப் கோட் காலேஜ்லயே குடுப்பாங்களா வாங்கிட்டு போகணுமா?

பஃபர்_ப்ரெப்

அக்கா எங்க காலேஜ்ல நாங்களேதான் வாங்கினோம், உங்க சிலபஸ்ல போட்டிருப்பாங்க பாருங்க. காட்டன்ல வாங்குங்க, மணிக்கட்டுகிட்ட இறுக்கமா இருக்கணும், தொளதொளன்னு இருந்தா பர்னர்கிட்ட ஆபத்து. ஷூ முன்னாடி மூடினது, துப்பட்டா வேண்டாம், முடிய பின்னிக் கட்டிட்டு போங்க. பேனா நீலமோ கறுப்போ பால்பாயின்ட் ரெண்டு வச்சுக்கோங்க, ஜெல் பேனா எடுத்துட்டு போகாதீங்க.